ஒரு பங்குக் கோயிலின் சாட்சிகள்

1456ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், வடகிழக்கு பிரான்சில் மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் தோம்ரெமி என்ற சிற்றூருக்கு இரண்டு குருக்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பக்கத்திலுள்ள வோக்கூலர் நகரக் கோயிலின் தலைமைக் குரு. இன்னொருவர் தூல் மறைமாவட்டப் பேராலயத்தைச் சேர்ந்தவர். அவர்கள் கையில் 12 கேள்விகள் இருந்தன. 25 ஆண்டுகளுக்கு முன் ரூவான் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க் மீதான தீர்ப்பை மறுபடி விசாரிக்கப் போப் மூன்றாம் கலிஸ்துஸ் அனுமதி தந்திருந்தார். அவளைக் குழந்தையிலிருந்தே அறிந்தவர்களிடம் வாக்குமூலம் வாங்குவது இவர்களுக்கு இடப்பட்ட பணி. தோம்ரெமி, வோக்கூலர், தூல் ஆகிய இடங்களில் மொத்தம் 34 பேர் சாட்சி சொன்னார்கள். உழவர்கள், அவர்களுடைய மனைவிமார், வண்டித் தச்சரின் மனைவி, பக்கத்து ஊர்ச் சாமியார்கள், சிறு பிரபுக்கள் சிலர் என்று எல்லா வகையினரும் அதில் உண்டு.

இந்த வாக்குமூலங்களை ஜோனுக்காகவே எல்லோரும் படித்துவந்திருக்கிறார்கள். அது இயல்புதான். ஆனால் அவளைச் சற்றே ஒதுக்கிவிட்டுப் படித்தால், அவளுக்குப் பின்னால் நிற்கும் கோயில் கண்ணுக்குத் தெரிகிறது. யாரும் அதைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, யாரும் அதை விவரிக்க முற்படவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சாட்சியும் பேசும்போது அந்தக் கோயிலுக்குள் போய்வருகிறார். மத்தியகால பிரான்சின் கிராமங்களில் இப்படிப்பட்ட பங்குக் கோயில்கள் பல்லாயிரம் இருந்தன. பெரும்பாலானவற்றில் கல் எஞ்சியிருக்கிறது, அந்தக் கல்லைச் சுற்றி வாழ்ந்தவர்களின் பேச்சு எஞ்சவில்லை. தோம்ரெமியில் கட்டடம் பெரிதும் மாறிவிட்டது, பேச்சுதான் பிழைத்துக் கிடக்கிறது. ஒரு பங்குக் கோயிலின் வரலாற்றை அதன் மக்களின் வாய்மொழியிலிருந்தே எழுத முடியும் என்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கோயில் புனித ரெமிஜியுஸின் பெயரில் இருக்கிறது. பிராங்கு மன்னன் க்ளோவிஸுக்கு ரேம்ஸ் நகரில் திருமுழுக்குக் கொடுத்த ஆயர் அவர்தான். அளவில் சிறிய கட்டடம், கனத்த சதுரக் கோபுரம், சுற்றிலும் ஒருகாலத்தில் கல்லறைத் தோட்டம். ஜோனின் தகப்பனார் ழாக் தார்க்கின் வீடு கோயிலுக்கு அடுத்தாற்போல் இருந்தது. அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்றால் கோயில் கைக்கெட்டும் தூரம். ஊரை ஒரு சிற்றோடை பிரித்தது, ஓடைக்கு இருபுறமும் வேறு வேறு அதிகாரங்களுக்குக் கட்டுப்பட்ட நிலம். ஆனால் திருச்சபைக் கணக்கில் ஊர் ஒன்றுதான். அதுவும் தனிப் பங்கு அல்ல. வடக்கே நடந்துபோகும் தொலைவிலுள்ள க்ரோ என்ற ஊரோடு சேர்ந்தது. தாய்க்கோயில் க்ரோவில், கிளைக்கோயில் தோம்ரெமியில், இரண்டுக்கும் மேலே தூல் ஆயர். அரசியல் எல்லை ஓடை வழியே ஓடியது, பங்கின் எல்லை அதைத் தாண்டிப் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாடம் பொருட்படுத்த வேண்டிய எல்லை இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். பிறப்பும் திருமணமும் அடக்கமும் அதற்குள்தான் நடந்தன.

பிறப்பிலிருந்தே தொடங்கலாம். ஜோன் பிறந்த நாள் எந்த ஏட்டிலும் இல்லை. விசாரணையில் வயது கேட்டபோது, ஏறக்குறைய 19 இருக்கும் என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. பிரான்சில் பங்குக் குருக்கள் திருமுழுக்குப் பதிவேடு வைத்தாக வேண்டும் என்று அரசு ஆணை வந்தது 1539இல். அதற்கு முன்னால் தோம்ரெமி போன்ற ஊரில் ஒரு குழந்தை திருமுழுக்குப் பெற்றதற்குத் தாளில் சான்று கிடையாது. சான்று மனிதர்களாக நடமாடியது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று ஒரு குழந்தையைத் தொட்டியிலிருந்து ஏந்தியவர்களே அதன் பதிவேடு.

இதனால்தான் 1431இல் ரூவான் நீதிபதிகளும் 1456இல் வந்த விசாரணையாளர்களும் ஞானப்பெற்றோர் யார் என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள். ஜோன் தன் ஞானத்தாய்களாக ஆக்னெஸ், ழான்ன், சிபில் என்று மூவரையும், ஞானத்தகப்பன்களாக ழான் லிங்கே, ழான் பாரே என்று இருவரையும் சொன்னாள். இன்னும் சிலர் உண்டென்று அம்மா சொல்லக் கேட்டிருப்பதாகவும், திருமுழுக்குக் கொடுத்தவர் ழான் மினே என்ற சாமியார் என நம்புவதாகவும் சொன்னாள். 25 ஆண்டு கழித்துச் சாட்சி சொல்ல வந்தவர்களில் க்ரோ ஊர் உழவர் ழான் மொரெல் தானும் ஞானத்தகப்பன் என்றார், அவருக்கு 70 வயதை ஒட்டியிருந்தது. அவரைவிட மூத்த பெயத்ரிஸ் எஸ்தெல்லென் தான் ஞானத்தாய் என்றார். வண்டித் தச்சர் தெவனெனின் மனைவியும் அப்படியே சொன்னார். ஒரு குழந்தைக்கு இத்தனை பேர் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். போரும் நோயும் இடைவிடாத காலத்தில், பத்துப் பேரில் இரண்டு பேராவது உயிரோடு இருந்து நினைவு வைத்திருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அந்த ஏற்பாடு ஜோன் விஷயத்தில் பலித்தது. ஒரு தலைமுறையைத் தாண்டியும் அவளைத் தொட்டியருகே கண்டவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள்.

இந்த ஞான உறவு சடங்கோடு முடிந்துபோகவில்லை. அது இரத்த உறவுபோல எண்ணப்பட்டது. அந்த உறவுக்குள் திருமணம் கூடாது என்று சட்டமே இருந்தது. ஜோனும் ஒரு குழந்தையை ஏந்தியிருக்கிறாள். ழெரார்தென் என்பவருக்கும் அவர் மனைவி இசபெலெத்துக்கும் பிறந்த நிக்கோலா என்ற பையன் அவன். ழெரார்தென் பர்கண்டிக் கட்சிக்காரர், ஜோனின் ஊரோ பிரெஞ்சு இளவரசன் பக்கம். ஊரை விட்டுப் புறப்படும் முன் அவரிடம் ஜோன், நீங்கள் பர்கண்டிக்காரராக இல்லாவிட்டால் உங்களிடம் ஒரு விஷயம் சொல்வேன் என்றாளாம். அவள் ஏதோ கல்யாண விஷயம் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டேன் என்று அவர் சாட்சியத்தில் சொல்கிறார். நாட்டைப் பிளந்த உள்நாட்டுப் போர் ஊருக்குள் வரும்போது ஞான உறவு என்ற வேலியில் முட்டி நிற்பதை இந்த ஒரு பேச்சில் பார்க்கலாம். அதே சமயம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மக்ஸே ஊர்ப் பையன்களோடு தோம்ரெமிப் பையன்கள் கட்சிச் சண்டை போட்டு இரத்தம் வழியத் திரும்பியதைப் பார்த்திருப்பதாகவும் ஜோன் சொல்லியிருக்கிறாள். பங்குக்குள் காப்பாற்றப்பட்ட சமாதானம் பங்குக்கு வெளியே செல்லுபடியாகவில்லை.

அடுத்தது பங்குக் குரு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவரம் தெரிந்த வயதுக்கு வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தன் சொந்தப் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று விதித்தது. ஐரோப்பியக் கிராமங்களின் சமய வாழ்வை இதுபோல மாற்றிய விதி வேறில்லை. வேறொரு குருவிடம் போக வேண்டுமானால் சொந்தக் குருவின் அனுமதி வேண்டும். ரூவான் நீதிபதிகள் ஜோனிடம் இதையும் கேட்டார்கள். படிப்பறிவில்லாத அந்தப் பெண்ணின் பதில், சட்டம் படித்தவர் சொன்னதுபோல இருக்கிறது: ஆண்டுதோறும் என் பங்குச் சாமியாரிடம், அவருக்கு முடியாதபோது அவர் அனுமதியோடு வேறொரு குருவிடம், இரண்டு மூன்று முறை நெஃப்ஷாத்தோ நகரில் துறவிகளிடம், பாஸ்காவுக்கு நற்கருணை. 200 ஆண்டுக்கு முன் ரோமாபுரியில் எழுதப்பட்ட ஒரு விதி, மியூஸ் ஆற்றங்கரை உழவர் மகளின் நாவில் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வந்து விழுகிறது. பங்குக் கோயில் என்ற அமைப்பு எவ்வளவு ஆழமாக வேலை செய்தது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை.

மறைக்கல்வியைப் பொறுத்தவரை கோயிலைவிட வீட்டுக்கே பங்கு அதிகம். பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாசப் பிரமாணம் மூன்றையும் அம்மாவிடம்தான் கற்றதாக ஜோன் சொன்னாள். ரூவானில் விசாரணை நடத்திய கொஷோன் ஆயர் அவளைப் பரலோக மந்திரம் சொல்லச் சொன்னபோது, என் பாவசங்கீர்த்தனத்தைக் கேளுங்கள், சொல்கிறேன் என்றாள். அன்றைய பங்குக் குரு கியோம் ஃப்ரோன் 1456க்குள் இறந்துவிட்டார். ஆனால் அவளைப் போல நல்ல கத்தோலிக்கப் பெண் என் பங்கில் வேறில்லை என்று அவர் சொல்லக் கேட்டதைப் பக்கத்து ஊர்க் குரு ஒருவர் நினைவுகூர்ந்தார். கிராமத்துக் குருவின் ஒரு வாக்கியம் இன்னொரு குருவின் காதில் தங்கி, அப்படியே நமக்கு வருகிறது.

பங்குக்கு மேலே தூல் நகரில் ஆயரின் நீதிமன்றம் இருந்தது. கிராமத்தவருக்கு அது எட்டாத இடமாகத் தெரியவில்லை. தனக்குக் கல்யாண வாக்குக் கொடுத்தாள் என்று ஒரு இளைஞன் ஜோனை அங்கே இழுத்தான். அவள் நேரில் போய், வாக்கே கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்து ஜெயித்து வந்தாள். திருமணம் திருச்சபையின் சட்டத்துக்கு உட்பட்டதால், இப்படியொரு வழக்குக்காக ஓர் உழவர் மகள் ஆயரின் நகரத்துக்குப் பயணப்பட்டாள்.

சாட்சிகளில் என் மனத்தில் மிகவும் நிற்பவர் பெரென் த்ராப்பியே. தோம்ரெமியின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, கோயிலைத் திறந்து மூடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சாட்சி சொன்னபோது ஏறக்குறைய 60 வயது. இராச்செப மணியை அடிக்க அவர் மறந்துபோகும் நாள்களில் ஜோன் அவரைப் பிடித்து நிறுத்திக் கண்டிப்பாளாம், இது சரியில்லை என்பாளாம். ஒழுங்காக அடித்தால் கம்பளி தருவதாகச் சொன்னாளாம். ஏட்டிலுள்ள சொல்லைக் கம்பளி என்று வாசிப்பவர்களும் உண்டு, ஒருவகைப் பலகாரம் என்று வாசிப்பவர்களும் உண்டு. ஆட்டுமந்தை இருந்த வீடு என்பதால் கம்பளி பொருத்தமாகவே படுகிறது.

இந்த வாக்குமூலத்தை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 12 கேள்விகள் முன்கூட்டியே எழுதப்பட்டவை. அவள் நல்ல பெற்றோருக்குப் பிறந்தாளா, கோயிலுக்கு விருப்பத்தோடு போனாளா, அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்தாளா என்றெல்லாம் கேட்டால், பதிலும் அதே வார்த்தைகளில்தான் வரும். உழவர்கள் பிரெஞ்சில் சொன்னதை எழுத்தர் லத்தீனில் எழுதியபோது அந்த வார்த்தைகள் இன்னும் ஒரே அச்சாகிவிட்டன. விருப்பத்தோடு கோயிலுக்குப் போனாள், விருப்பத்தோடு வேலை செய்தாள் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்வதை நாம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் ஊர்ப் பெண்ணின் பழியைத் துடைக்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் கோயில்பிள்ளைக்குக் கம்பளி தருவதாகச் சொன்னாளா என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதுவும் அந்தப் பதில் சொன்னவருக்கே பெருமை சேர்ப்பதல்ல, தன் கடமை தவறியதை அவர் ஒத்துக்கொள்கிறார். கேட்காமல் வந்த தகவல், சொன்னவருக்குச் சாதகமில்லாத தகவல் இரண்டையும் ஒரு வரலாற்றாசிரியர் நம்பலாம். சிறுவயதில் நோயாகக் கிடந்தபோது ஜோன் வந்து ஆறுதல் சொன்னாள் என்ற சிமோனென் மூனியேயின் பேச்சும், உனக்குப் பக்தி மிஞ்சிப்போய்விட்டது என்று அவளிடமே சொன்னதாகத் தோழி மெங்கெத் சொல்வதும் இந்த வகையில் சேரும்.

மணியின் இடத்தை அன்றைய கிராமத்தில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். கடிகாரம் இல்லாத ஊரில் நேரம் என்பதே கோயில் கோபுரத்திலிருந்து வந்தது. விடியலுக்கும் அந்திக்கும் செபத்துக்கும் சாவுக்கும் மணி. புயல் வந்தால் அதைத் துரத்த மணி, படைவீரர் வந்தால் ஊரை எழுப்ப மணி. வயலில் வேலை செய்யும்போது மணி கேட்டால் ஜோன் முழந்தாளிடுவாள் என்று ழான் வாத்தரென் என்ற உழவர் சொன்னார். ஊரை விட்டுப் போன பிறகும் அவள் மணியை விடவில்லை. படைகளோடு இருந்த காலத்திலும் நாள்தோறும் அந்தி நேரத்தில் ஏதாவதொரு கோயிலுக்குப் போய் ஏறக்குறைய அரைமணி நேரம் மணியடிக்க வைப்பாள், படையோடு வந்த துறவிகளைக் கூட்டி மாதாவுக்குப் பாட்டுப் பாடச் சொல்வாள் என்று தளபதி துய்னுவா பிற்பாடு சாட்சி சொன்னார். ஒரு கிராமத்துப் பங்கின் இராச்செபத்தை ஒரு படைக்கே பரப்பியிருக்கிறாள். ஏறத்தாழ 13 வயதில், கோடைக்காலத்து நண்பகலில், அப்பாவின் தோட்டத்தில் முதன்முதலாகக் குரல் கேட்டபோது, அது வலப்பக்கத்திலிருந்து, கோயில் இருக்கும் திசையிலிருந்து வந்ததாக அவளே சொன்னாள்.

பங்கு என்பது கோயில் சுவரோடு நின்றுவிடவில்லை, வயலும் அதில் அடங்கியது. இந்த விஷயத்தில் பெயத்ரிஸ் கிழவியின் சாட்சியம் முக்கியமானது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய பீச் மரம், அதைப் பெண்களின் மரம், தேவதைகளின் மரம் என்று அழைத்தார்கள். அருகில் நீரூற்று. தபசுகாலத்தின் நான்காவது ஞாயிறன்று இளைஞர்களும் பெண்களும் ரொட்டி எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சாப்பிட்டு, ஊற்றுத் தண்ணீர் குடித்து, ஆடிப்பாடித் திரும்புவார்கள். விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்திய நாளில், சிலுவைகளை ஏந்தி விளைநிலங்களைச் சுற்றி வரும் பவனியின்போது, பங்குக் குரு அதே மரத்தடிக்கும் ஊற்றுகளுக்கும் போய் நற்செய்தியைப் பாடுவார். முன்காலத்தில் தேவதைகள் அங்கே வந்ததுண்டு, யோவான் நற்செய்தி வாசிக்கத் தொடங்கியபின் வருவதில்லை என்று சாட்சிகளில் ஒருவர் விளக்கினார்.

ஜோனும் மற்றப் பெண்களோடு அந்த மரத்தடியில் பூமாலை கட்டினாள். அது தோம்ரெமிக் கோயிலின் மாதா சுரூபத்துக்கு என்றாள். ரூவானில் அவள்மேல் சுமத்தப்பட்ட 70 குற்றச்சாட்டுகளில் இந்த மரமும் ஊற்றும் மாயவித்தைக்குச் சான்றாக நுழைந்தன. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்த இறையியலாளர்களுக்கு அங்கே பேய் தெரிந்தது. பங்கு மக்களுக்கு அது சாமியார் ஆண்டுதோறும் வந்து நற்செய்தி வாசிக்கும் இடம். தேவதைகளைப் பார்த்ததாகச் சொன்ன ஞானத்தாய் எப்படிப்பட்டவள் என்று கேட்டபோது, நல்லவள், சூனியக்காரி அல்ல என்று ஜோன் சொன்னாள். பங்குக் கோயில் பழைய நம்பிக்கையை அடித்து விரட்டவில்லை. ஆண்டுக்கொருமுறை போய் அதன் தலையில் நற்செய்தியை வாசித்து, தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டது. அந்த நிதானமான வேலையைப் பாரிஸ் பல்கலைக்கழகத்தாரால் புரிந்துகொள்ள முடியவில்லை என்பதை அநியாயமென்றே சொல்வேன். ஒரு பெண்ணின் உயிர் அதில் போயிற்று.

அந்தக் காலத்துத் துன்பத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோயிலின் இடம் விளங்கும். 1423இல், கொமெர்சியின் பிரபு தங்களைக் கொள்ளையடிக்காமல் இருப்பதற்காக க்ரோவும் தோம்ரெமியும் வீட்டுக்கு வீடு பணம் கட்ட ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தத்தில் ழாக் தார்க் ஊர்ப் பெரியவர்களில் ஒருவராக இருக்கிறார். ஆற்றுக்கு நடுவே தீவிலிருந்த பழைய கோட்டையை ஊரார் ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள், படைவீரருக்குப் பயந்து மாடுகளை அங்கே ஓட்டிப்போவார்கள். 1425இல் மாடுகள் கொள்ளை போய்த் திரும்பக் கிடைத்தன. 1428 கோடையில் பர்கண்டிப் படை வருகிறது என்று ஊரே நெஃப்ஷாத்தோவுக்கு ஓடியது. திரும்பி வந்தபோது தோம்ரெமிக் கோயில் எரிந்து கிடந்தது. அதன்பின் திருப்பலிக்கு க்ரோவுக்கு நடக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் மெழுகுதிரியோடு பெர்மோன் மாதா சிற்றாலயத்துக்கு ஜோன் போவதை ஊரார் பலரும் பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவள் ஊரை விட்டுப் போய்விட்டாள்.

எரிந்த கோயிலைத் திரும்பக் கட்டுவது ஊராரின் தலைமேல்தான் விழுந்திருக்கும். மக்கள் நிற்கும் பகுதியைப் பங்கு மக்களும், பீடப் பகுதியைத் தசமபாகம் பெறுபவர்களும் பராமரிக்க வேண்டும் என்பது பிரான்சின் பல பகுதிகளில் பொது வழக்கம். இளவரசனாக இருந்து ரேம்ஸில் முடிசூடிய ஏழாம் சார்லஸ், ஜோனுக்காக, 1429 ஜூலை 31ஆம் நாள் இரண்டு ஊர்களுக்கும் வரிவிலக்கு அளித்தார். வரிக் கணக்கேட்டில் இந்த ஊர்களுக்கு எதிரே தொகை எழுத வேண்டிய இடத்தில், ஏதுமில்லை, கன்னிப்பெண்ணின் பொருட்டு என்று எழுதிவைத்தார்கள்.

இப்போது அங்கே போகிறவர்கள் பார்ப்பது ஜோனின் கோயிலைத் திருப்பிப் போட்டதை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டடத்தை விரித்தபோது திசையையே மாற்றிவிட்டார்கள். பழைய பீடம் இருந்த பக்கம் இன்று வாசல். அவள் திருமுழுக்குப் பெற்றதாகக் காட்டப்படும் கல்தொட்டியும், புனித மார்கரெட்டின் பழைய சுரூபமும் உள்ளே இருக்கின்றன. 1881இல் ஊருக்கு வெளியே போவா ஷெனு காட்டோரத்தில் பெரிய பேராலயம் எழத் தொடங்கியது, 1920இல் புனிதர் பட்டம் வந்தது, திருப்பயணிகளின் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் புனிதையைத் தேடி வருகிறவர்கள் அவளை உருவாக்கிய பங்கைத் தேட மறந்துவிடுகிறார்கள். கிஷெரா என்ற அறிஞர் 1841 முதல் 1849 வரை இந்த விசாரணை ஏடுகளை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்ததால்தான் பெரெனும் பெயத்ரிஸும் நமக்குக் கிடைத்தார்கள்.

தோம்ரெமி ஊரார் சாட்சி சொன்னது 1456இல் முதல்முறையல்ல. 1431 ஜனவரியில், ஜோன் ரூவான் சிறையில் இருந்தபோதே, அந்தெலோ ஊர் எழுத்தர் நிக்கோலா பாய்யி என்பவர் அவளைப் பற்றி விசாரிக்க தோம்ரெமிக்கு அனுப்பப்பட்டார். அனுப்பியவர்கள் எதிர்த்தரப்பு. தோம்ரெமியிலும் சுற்றியுள்ள ஐந்தாறு பங்குகளிலும் விசாரித்து, என் சொந்தத் தங்கையிடம் காண விரும்பாத எதையும் அவளிடம் காணவில்லை என்று விசாரிக்கப் போனவர் தன்னிடம் சொன்னதாக ழான் மொரோ என்ற வணிகர் பிற்பாடு ரூவானில் சாட்சி சொன்னார். விசாரித்த அந்த மனிதருக்குக் கூலி கிடைக்கவில்லை, கொஷோன் ஆயர் அவரைத் துரோகி என்று திட்டி அனுப்பினார். அந்த அறிக்கை விசாரணை ஏட்டில் இடம்பெறவில்லை. 25 ஆண்டு கழித்து பாய்யியே சாட்சிகளில் ஒருவராக வந்து நின்றார். அன்று 12 அல்லது 15 பேரிடம் விசாரித்ததாகவும், நல்ல கத்தோலிக்கப் பெண், கோயிலுக்குப் போய்வருபவள் என்றே அவர்கள் சொன்னதாகவும், அதை அப்படியே எழுதிக் கொடுத்ததற்காகத் தானும் தன்னோடு வந்தவரும் பொய் ஆர்மஞாக்குகள் (அதாவது பிரெஞ்சு இளவரசன் கட்சிக்காரர்கள்) என்று மேலதிகாரியிடம் பெயர் வாங்கியதாகவும் அவர் பதிவுசெய்தார்.